சட்டம் தந்த உரிமையும் மனிதர் தந்த அடைக்கலமும்



மதத்தின் பெயரால் ஓர் ஊரில் இரத்தம் சிந்தியது என்று கேட்டவுடன், 'இன்ன மதத்தார் கொடியவர்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுதல் எளிது. காரணத்தைத் தேடுதலே அறிவுடையார் செயல். இப்பாடத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா தேசத்தை எடுத்துக்கொள்வோம்.

1. தேசமும் ஜனங்களும்

அத்தேசத்தில் இருபது கோடிக்கு மேற்பட்ட ஜனங்களும், 250க்கு மேற்பட்ட இனங்களும் உண்டு. வடக்கே ஹௌசா, புலானி இனத்தாருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தென்கிழக்கே இக்போ இனத்தாருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தென்மேற்கே யொரூபா இனத்தாரிடையே ஒரே குடும்பத்தில் இரு மதத்தாரும் கூடி வாழ்வதைக் காணலாம். வடபகுதியையும் தென்பகுதியையும் ஆங்கில ஆட்சியாளர் 1914-ல் இணைத்தனர்; 1960-ல் தேசம் விடுதலை பெற்றது.

2. சட்டமும் நடப்பும்

1999-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் தன் 10-ஆம் பிரிவில், எம்மதத்தையும் அரசு மதமாக ஏற்கலாகாது என்கிறது. 38-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை அளிப்பதோடு, மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வெளிப்படையாய்க் கூறுகிறது. மதம் மாறியோராகிய நாம் இச்சொல்லின் அருமையை அறிவோம்.

ஆயினும், அதே 1999-ல் சம்பாரா மாகாணம் ஷரியத் குற்றவியல் சட்டத்தை அறிவித்தது. பின்னர் வடபுலத்து மாகாணங்கள் பன்னிரண்டில் அது பரவியது. முஸ்லிமல்லாதாரை அது கட்டுப்படுத்தாது என்று கூறப்பட்டும் அச்சம் தீரவில்லை. 2000 பிப்ரவரியில் கடூனா நகரில் இது பற்றிக் கலகம் மூண்டு, உயிர்கள் பல மாண்டன. முகநூலில் எழுதிய சொற்களுக்காகக் கடவுள் மறுப்பாளர் முபாரக் பாலாவுக்கு 2022-ல் கானோ நீதிமன்றம் 24 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 2025-ல் அவர் வெளிவந்தார். ஏட்டிலுள்ள உரிமை வீட்டு வாசல் வரை தானே நடந்து வருவதில்லை என்பதை இதனால் உணர்க.

3. கலகத்தின் வேர்

2001 செப்டம்பரில் ஜோஸ் நகரில் மூண்ட கலகத்தில் ஆயிரம் பேர் வரை மாண்டதாகக் கணித்துள்ளனர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அடைக்கப்பட்ட பாதையில் ஒரு கிறிஸ்தவப் பெண் நடக்க முயன்றதே தீப்பொறி. ஆனால் விறகு முன்னமே அடுக்கப்பட்டிருந்தது. அத்தேசத்தில் ஒருவன் 'மண்ணின் மைந்தன்' என்னும் சான்றிதழ் பெற்றால்தான் சர்க்கார் உத்தியோகமும் கல்லூரி இடமும் எளிதாகும். ஜோஸில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த ஹௌசா மக்கள் 'வந்தேறிகள்' எனப்பட்டனர். பழங்குடிகளோ தம் நிலமும் பதவியும் பறிபோகுமென அஞ்சினர். வயிற்றின் வழக்கு மதத்தின் சட்டையை அணிந்துகொண்டு தெருவுக்கு வந்தது.

ஆலையில் நூல் சிக்கினால் கோபத்தோடு இழுப்பவன் சிக்கை இறுக்குகிறான்; முனையைத் தேடுபவனே அதைப் பிரிக்கிறான். அத்தகைய முனையைத் தேடியோர் அங்கும் இருந்தனர்.

4. முனையைத் தேடியோர்

1992-ல் சாங்கோன் கடாப் கலகத்தில் எதிரெதிர் அணிகளில் நின்றவர்கள் பாதிரியார் ஜேம்ஸ் வூயேயும் இமாம் முகம்மது அஷாபாவும். முன்னவர் தம் வலக்கையை இழந்தார். பின்னவர் தம் ஆசானையும் உறவினர் இருவரையும் இழந்தார். பழிவாங்கும் எண்ணம் இருவரிடத்தும் இருந்தது. தாயிப் நகரத்தார் கல்லெறிந்தும் நபிகள் அவர்களை மன்னித்தார் என்ற பிரசங்கம் இமாமின் நெஞ்சைத் திருப்பியது. 1995-ல் இருவரும் கைகோத்துக் கடூனாவில் சமாதானப் பணியைத் தொடங்கினர்.

2018 ஜூனில் பிளாட்டோ மாகாணத்து ஊர் ஒன்றில் ஆயுதம் தாங்கியோர் தாக்கியபோது, முதியவரான இமாம் அப்துல்லாஹி அபூபக்கர் 262 கிறிஸ்தவர்களைத் தம் வீட்டிலும் பள்ளிவாசலிலும் மறைத்துக் காத்தார். அப்பள்ளிவாசல் நின்ற நிலம், பல்லாண்டுகளுக்கு முன் கிறிஸ்தவர்கள் விலையின்றிக் கொடுத்தது. அன்று கொடுத்த நிலமே பின்னாளில் அடைக்கலமாயிற்று.

5. பாடம்

அண்டை வீட்டான் தன் வழியில் தொழ நாம் இடம் கொடுத்தால்தான் நம் வழி நிலைபெறும். சட்டம் வேண்டும், அதைக் காக்கும் நெஞ்சும் வேண்டும்.

சிந்திக்க:

அ. ஜோஸ் கலகத்தில் மதம் எவ்வளவு, நிலமும் உத்தியோகமும் எவ்வளவு?

ஆ. நம் தெருவில் நம்மினும் சிறுபான்மையோர் யார்? அவர்களுக்கு நாம் எதைக் கொடுத்திருக்கிறோம்?