திரையில் வந்த குறத்தி



நாடகக் கொட்டகையில் திரை விழுந்ததும் பாட்டும் ஆட்டமும் காற்றோடு கலந்துவிடும். கண்டவர் நினைவில் மட்டுமே வாழும். பேசும்படம் வந்த பின்னரே மேடைக்கலையைக் குரலோடு சேமித்து வைக்கும் வழி பிறந்தது.

தமிழில் 1931ஆம் ஆண்டு ‘குறத்திப் பாட்டும் டான்ஸும்’ என்னும் நான்கு சுருள் குறும்படம் வந்தது. அதில் ஆடிப் பாடியவர் நாடக மேடையில் புகழ்பெற்ற டி.பி.ராஜலட்சுமி. குறவஞ்சி இலக்கியத்தில் குறி சொன்ன குறத்தி, மேடை வழியாகத் திரைக்கும் வந்துவிட்டாள்! அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியும் ராஜலட்சுமியே. அன்று பின்னணி பாடும் முறை இல்லை, நடிப்பவரே பாடவேண்டும்.

அவ்விரு படங்களையும் இன்று நாம் காண இயலாது. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் தன்மையுடையவை. அவற்றிலுள்ள வெள்ளிக்காக அழிக்கப்பட்டவையும் பல. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியது 1964இல். ராஜலட்சுமி மறைந்ததும் அவ்வாண்டே.

இழந்தவற்றைத் தேடி மீட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் ‘வாடவில்’ என்னும் பல்சுவை மேடையின் பாடகரும் விகடக் கலைஞரும் 1926 முதல் ‘வைட்டஃபோன்’ குறும்படங்களில் நடித்தனர். படம் சுருளிலும், ஒலி 16 அங்குல இசைத்தட்டிலும் இருந்தன. காலப்போக்கில் சுருள் ஓரிடத்திலும் தட்டு வேறிடத்திலுமாகப் பிரிந்தன. 1991இல் ஆர்வலர் சிலர் கூடித் தட்டுகளைத் தேடத் தொடங்கினர். தட்டு கிடைக்கக் கிடைக்க, ஊமையாய்க் கிடந்த படங்கள் மீண்டும் பாடின.

மட்டாஞ்சேரியில் வாழும் நம் வீடுகளிலும் ஒரு செல்வம் உண்டு. ஊரைவிட்டு வந்த நம் முன்னோர் தாலாட்டையும் கும்மியையும் மூட்டையில் கட்டி வரவில்லை. நாவில் சுமந்து வந்தனர். அவை எந்தச் சுருளிலும் இல்லை. பாட்டியின் குரலே அவற்றின் காப்பகம். அக்குரல் ஒலிக்கும்போதே நாம் கேட்டு வைத்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
விகடம் – நகைச்சுவை
குறி – வருவது உரைத்தல்
காப்பகம் – பாதுகாத்து வைக்கும் இடம்

விடை எழுதுக
1. வைட்டஃபோன் படங்கள் ஊமையானது ஏன்?
2. ‘பாட்டியின் குரலே காப்பகம்’ என்பதன் பொருளை விளக்குக.

செயல்பாடு
உன் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்க. பாடியவர் பெயர், அவருடைய ஊர், யாரிடம் கற்றார் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருக.