விலைபோகா வீடு

‘விடு’ என்னும் முதனிலை நீண்டு ‘வீடு’ என்றாயிற்று. கெடு கேடு எனவும், சுடு சூடு எனவும் ஆயினாற்போல. இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்ப. உறையுளுக்கும் முத்திக்கும் அப்பெயர் ஒன்றே அமைந்திருத்தல் தமிழின் அழகுகளுள் ஒன்று. ஆயினும், தன் வீட்டை விற்க முனைந்து ஈராண்டாகத் தரகர் முகம் நோக்கியிருக்கும் ஒருவரிடம் சென்று இதனைக் கூறுவோமாயின், அவர் நகைப்பார். அவர் வீட்டை விட எண்ணினும், வீடு அவரை விடுகின்றிலது. சந்தை தளர்ந்த காலத்து வீடுடையார் விற்கவும் பெயரவும் மாட்டாது இடர்ப்படுதல் ஏன் என்பதனை, இராமநாதபுரக் கடற்கரையில் உள்ள பெரியபட்டினத்தை முன்னிறுத்தி ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

அக்கரையில் மீன் ஏலத்தைக் கண்டார்க்கு விலையின் இயல்பு எளிதிற் புலனாகும். வலை கரை சேர்ந்ததும் ஏலம் கூறுவர். வாங்குவோர் அருகிய நாளில் விலை இறங்கும். இறங்கினும் மீன் விற்றே தீரும். என்னை? வெயில் ஏறின் அது கெடும். எஞ்சியது உப்பேறிக் கருவாடாகும். நேற்றைய விலையை நினைந்து இன்று காத்திருத்தல் மீனவர்க்கு இயலாது. வீடோ அங்ஙனமன்று. ஓராண்டு பூட்டிக் கிடப்பினும் சுவரில் உப்புக் காற்று அரிக்குமேயன்றி, மாலைக்குள் அழுகிப் போவதில்லை. ஆதலின் உடையவர் காத்திருக்கின்றார். மீன் சந்தை தளர்ந்தால் விலை வீழும். வீட்டுச் சந்தை தளர்ந்தாலோ, விலை வீழுமுன் விற்பனை நின்றுவிடும். தெருவில் ஒரு வீடும் கைம்மாறாதிருக்கவும், எல்லா வீட்டிற்கும் பழைய விலையே வாய்மொழியில் வழங்கும். பொருணூலார் அறிந்த உண்மையாயினும், மக்கள் பலரும் இதனை உணர்ந்திலர். ‘விலை குறையவில்லையே, பின் ஏன் விற்கவில்லை?’ என வினவுவர். விலையைக் குறையாமையே விற்பனையைத் தடுத்து நிற்றலை நோக்கார்.

டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்னும் இருவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகர் நடுவே 1990-களில் விற்பனைக்கு வந்த அடுக்கு வீடுகளை ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாங்கிய விலைக்குக் குறைவாக விற்க நேர்ந்தோர், அவ்விழப்பில் 25 முதல் 35 விழுக்காட்டினைத் தாம் கேட்கும் விலையில் ஏற்றிக் கூறினர் என்பது அவர் கண்டது. அங்ஙனம் கூறியோர் ஓரளவு மிகுதியாகப் பெற்றனர் எனினும், நெடுநாள் காத்திருந்தே பெற்றனர். இதனை நம் ஊர்க் கணக்கிற் பொருத்திப் பார்ப்போம். 30 இலட்சம் ரூபாய் செலவிட்டவர்க்கு இன்று 24 இலட்சமே கிடைக்கும் எனக் கொள்வோம். இழப்பு 6 இலட்சம். அவர் கேட்பது இருபத்தைந்தரை இலட்சத்திற்குக் குறையாது. வாங்க வருவோர் இரண்டு முறை வந்து பார்த்து மூன்றாம் முறை வாரார்.

தரகர் இதனைப் பேராசை என்பர். அதனை யாம் ஒப்புகின்றிலம். கடல் கடந்து பொருளீட்டல் பெரியபட்டினத்திற்குப் புதிதன்று. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இடத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தமை அதற்குச் சான்று. இந்நாளில் அப்பொருள் பெரிதும் வளைகுடா நாடுகளினின்று வருகின்றது. மனைவி மக்களைப் பிரிந்து பாலையில் உழைத்த ஆண்டுகளே அவ்வீட்டின் செங்கல்லும் மரமும். அவர் கேட்கும் விலையில் அவ்வாண்டுகளும் அடங்கியுள்ளன. வாங்குவோர்க்கு அவை வேண்டா. மூன்று அறையும் ஒரு கிணறுமே வேண்டும்.

இன்னுமொன்று. இத்தகைய ஊரில் விற்போர்க்குப் பணம் வந்த திசையே வாங்குவோர்க்கும் பணம் வரும் திசை. 2014-ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய் ஒன்று 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 சனவரியில் 30 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2020-இல் கொள்ளைநோய் பரவிப் பலர் வேலையிழந்து திரும்பினர். அத்தகைய காலத்தில் விற்க விழைவோர் பெருகுதலும் வாங்க வல்லார் குறைதலும் ஒருங்கே நிகழும். பெருநகரில் ஒரு தொழில் தளர்ந்தால் வேறு தொழிலார் வந்து வாங்குவர். ஒரே காற்றை நம்பிப் பாய் விரித்த ஊரில் அஃது இயலுமோ?

நிற்க. விலை ஒத்துவரினும், விற்கும் உரிமை ஒருவர் கையில் இருத்தல் அரிது. ஒரு முசுலிம் பெரியவர் மனைவியும், இரு மகன்களும், இரு மகள்களும் எஞ்ச இறந்தார் எனக் கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்குப் பெண்ணினும் இருமடங்கு. வீட்டை 48 பங்காக்கின் தாய்க்கு 6, மகன் ஒருவனுக்கு 14, மகள் ஒருத்திக்கு 7. நெறி செம்மையானதே; மகளிர்க்கு உரிமை நல்குவதில் பல நெறிகளுக்கு முந்தியதும் ஆம். ஆனால் பங்கு பிரித்துப் பத்திரம் எழுதாது, ‘அத்தா வீடுதானே, இருக்கட்டும்’ என்று விட்டுவிடுகின்றனர். பின்னர் மகன்களுள் ஒருவர் சிறு பிள்ளையை விட்டு இறப்பின், அவர் பங்கு தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைக்குமாக மீண்டும் உடைகின்றது. அப்பிள்ளையின் பங்கை விற்கத் தாய்க்குத் தானே அதிகாரமில்லை. நீதிமன்றத்தின் அனுமதி பெறல் வேண்டும். அயல்நாட்டில் உள்ளவர் கையெழுத்திற்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். அஃது ஆண்டுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்டு, இந்நாட்டிற்கு வந்த மூன்று திங்களுக்குள் முத்திரை பெறல் வேண்டும். வாங்க வந்தவர், ‘எல்லாரும் கையெழுத்திடுவரோ?’ என்று வினவி, விடை கேளாமலே எழுந்து போகின்றார். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் மகளுக்கு வீடளித்து மருமகனை ஆங்குக் குடிபுகுவிக்கும் வழக்கு உண்டு. அவ்வீடுகளோ விற்பனைக்கென்று நினைக்கப்படுவனவே அல்ல.

எம் வேதத்தில் இதற்கு மாறான காட்சி ஒன்று உண்டு. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த போது எரேமியா தீர்க்கதரிசி காவலிற் கிடந்தார். அவருடைய தந்தையின் உடன்பிறந்தார் மகன் அனாமெயேல் அங்கே வந்து, ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ள வேண்டினான். அதனினும் தளர்ந்த சந்தை உலகில் இருந்திராது! ஆயினும் 17 சேக்கல் வெள்ளி நிறுக்கப்பட்டது, சாட்சிகள் கையொப்பமிட்டனர், முத்திரையிட்ட பத்திரமும் திறந்த பத்திரமுமாக இரண்டும் மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன. வாங்கியவர் ஊதியம் கருதி வாங்கினார் அல்லர். தெய்வக் கட்டளையால் வாங்கினார். ஆதலின் வாங்குவோர்க்கு இதனை உவமையாக்குதல் பொருந்தாது. பத்திர முறையை மட்டும் நோக்குக: மீட்கும் உரிமை யாருடையது என்பதில் ஐயமில்லை, எழுத்தில் குறையில்லை, ஆகவே முற்றுகைக்குள்ளும் கிரையம் முடிந்தது.

அரசின் பங்கினையும் சுருக்கமாகக் கூறுதும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்தற்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவாயின. தமிழ்நாட்டில் மனைச் சந்தை அயர்ந்தது. 2017 சூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. உடனே பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டினின்று 4 ஆக உயர்த்தியது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குதல் என்பது இதுவே போலும். 2023-இல் கட்டணம் 2 ஆகக் குறைந்தது. மதிப்போ மீண்டும் ஏறியது. 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் சேர்த்து 24 இலட்சத்திற்கு 2,16,000 ரூபாய் ஆகின்றது. சந்தை விலை வழிகாட்டி மதிப்பினும் தாழ்ந்த ஊரில், மெய்யான விலையை எழுதினாலும் ஐயத்திற்கு உள்ளாகிப் பத்திரம் மதிப்பாய்வுக்குச் செல்லும்.

இவற்றால் பெரிதும் வருந்துவோர் பெயர்ந்தாக வேண்டியவர். பிள்ளையின் கல்விக்காக மதுரையிலோ, மருத்துவத்திற்காக இராமநாதபுரத்திலோ குடியேற எண்ணுவோர், பழைய வீடு விற்றாலன்றிப் புதிய வீட்டிற்கு முன்பணம் கொடார். அவர்க்கு விற்பவரும் தம் பங்கிற்கு வேறொரு வீட்டை நோக்கியிருப்பார். ஒரு கண்ணி நகராவிடில் சங்கிலி முழுதும் நகராது. பொறுக்க மாட்டாதவர் வீட்டை ஒற்றிக்கு விட்டுப் பணம் பெறுகின்றனர். அன்றைய இடர் தீர்கின்றது. ஆனால் பின்னர் வாங்க வருபவர் கேட்கும் முதற்கேள்வி, ‘ஒற்றிப் பணத்தை யார் கொடுப்பது?’ என்பதே. பெற்ற பணம் அதற்குள் செலவாகியிருக்கும். தனித்திருக்கும் கைம்பெண்டிர் பலர் இவ்வாறு தமக்குரிய வீட்டிலேயே ஓர் அறைக்குள் ஒடுங்குகின்றனர்.

சந்தையைத் திருத்துதல் ஊராரால் ஆவதன்று. பத்திரத்தைத் திருத்துதல் ஆகும். குடும்பத்தார்க்குள் நிகழும் பாகப்பிரிவினைக்கும் தானத்திற்கும் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடே. அதற்கும் மேல்வரம்பு உண்டு. பெரியவர் இருக்கும் போதே, அன்றி இறந்த ஓராண்டிற்குள், எல்லாரும் ஊரில் கூடும் பெருநாள் விடுமுறையில் அதனை எழுதிப் பதிவு செய்து, பட்டாவையும் மாற்றிக்கொள்ளலாம். விற்க எண்ணாதவரும் செய்யத்தக்க செயல் அது. விற்க எண்ணிய பின்னர்த் தொடங்குவோர்க்கு, கையெழுத்திட வேண்டியவருள் ஒருவர் எப்போதும் கடலுக்கு அப்பால் இருக்கின்றார்.