பல்கலைக்கழகத்தை நடத்தக் கற்றல்

தோற்றுவாய்

புலம்பெயர்ந்து வாழும் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்வியிற் காட்டும் அக்கறை யாவரும் அறிந்ததே. எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது, எந்தத் துறைக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பன நம் இல்லங்களில் நாள்தோறும் பேசப்படுகின்றன. ஆயின், அப்பல்கலைக்கழகத்தை நடத்துவோர் யாவர், கட்டணத்தை உயர்த்துவதும் ஒரு பாடத்தை நிறுத்துவதும் யாருடைய கையில் உள்ளன என்னும் வினாக்கள் நம்மிடையே அரிதாகவே எழுகின்றன. பல்கலைக்கழகத்தில் கற்பதற்குப் பல துறைகள் இருப்பதைப் போலவே, பல்கலைக்கழகத்தை நடத்துவதற்கும் தனியானதொரு கற்கைநெறி உண்டு. உயர்கல்வித் தலைமைத்துவம் எனப்படும் அப்பட்டப்பின் படிப்பு யாது, அதனை யார் கற்கலாம், அதனால் நம் சமூகத்துக்கு விளையும் பயன் யாது என்பவற்றை மாணவருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையின் வரலாறு

பல்கலைக்கழகங்கள் பல நூற்றாண்டுப் பழைமை உடையன. அவற்றைப் பற்றிய கல்வியோ மிக இளையது. 1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில், அதன் தலைவராக இருந்த உளவியல் அறிஞர் ஸ்ரான்லி ஹோல் உயர்கல்வியைப் பற்றி ஒரு பாடநெறியை நடத்தினார். இத்துறையின் தொடக்கமாக அறிஞர்கள் அதனையே குறிப்பிடுவர். 1920இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் கல்வியியலுக்கெனத் தனிப்பீடம் ஒன்றை நிறுவியது. கல்விக் கலாநிதி என்னும் தொழில்சார் பட்டம் அங்கு வழங்கப்படலாயிற்று.

எனினும், இத்துறை வேகமாக வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரேயாகும். போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கல்விச் செலவை ஏற்கும் சட்டம் 1944இல் அமெரிக்காவில் நிறைவேறியது. அதன் பயனாக ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரிகளுட் புகுந்தனர். சில நூறு மாணவர்களைக் கொண்டிருந்த நிறுவனங்கள் பல்லாயிரம் மாணவர்களைத் தாங்க வேண்டியிருந்தன. விடுதி, உதவிநிதி, அனுமதி, ஆலோசனை ஆகிய ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்றவர் தேவைப்பட்டனர்.

கனடாவிலும் இத்தகைய வளர்ச்சி ஏற்பட்டது. 1959இல் யோர்க் பல்கலைக்கழகம் தோன்றியது. 1964இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ கல்லூரி நிறுவப்பட்டது. 1966இல் சென்ரெனியல் கல்லூரி தன் கதவுகளைத் திறந்தது. கல்வி ஆய்வுக்கென 1965இல் அமைக்கப்பட்ட ஒன்ராறியோ கல்விக் கற்கைகள் நிறுவனம் 1996இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. உயர்கல்வி பற்றிய முதுமாணி, கலாநிதிப் படிப்புகள் இன்று அங்கே கற்பிக்கப்படுகின்றன.

பல்கலைக்கழகத்தை ஆள்வோர்

இக்கற்கைநெறியின் முதற்பாடம் ஆட்சியமைப்பாகும். நமக்கு அண்மையிலுள்ள ரொறன்ரோ பல்கலைக்கழகத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதனை ஆள்வது 50 உறுப்பினர் கொண்ட ஆட்சிப் பேரவையாகும். அவர்களுள் 16 பேர் மாகாண அரசால் நியமிக்கப்படுவோர். 12 பேர் கற்பிப்போர். 8 பேர் பழைய மாணவர். 8 பேர் மாணவர். இருவர் நிர்வாகப் பணியாளர். இருவர் தலைவரால் நியமிக்கப்படுவோர். வேந்தரும் தலைவரும் பதவி வழியாக இடம்பெறுவர்.

மாணவர்களே, இவ்வெண்களை ஊன்றி நோக்குங்கள். பல்கலைக்கழகத்தின் உச்ச சபையில் 8 இடங்கள் மாணவருக்கு உரியவை. வரவுசெலவுத் திட்டம் விவாதிக்கப்படும் மன்றத்தில் இருபது வயது மாணவர் ஒருவர் சட்டப்படி வாக்களிக்கலாம்.

ஏனைய பல பல்கலைக்கழகங்களில் அதிகாரம் இரண்டாகப் பகுக்கப்பட்டுள்ளது. பணமும் கட்டடமும் ஆளுநர் சபையின் பொறுப்பு. பாடங்களும் பட்டங்களும் மூதவையின் பொறுப்பு. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாது இயங்குமாயின் நிறுவனம் தளரும்.

கற்கப்படும் பொருள்கள்

வரலாறு, சட்டம், நிதி, மாணவர் வளர்ச்சி, ஆய்வுமுறை என்பன இப்பட்டத்தின் பொதுவான பாடங்களாகும். அவற்றுட் சில கருத்துகளை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, உயர்கல்வி யாருக்கு உரியது என்னும் வினா. 1973இல் மார்ட்டின் ரோ என்னும் சமூகவியல் அறிஞர் உயர்கல்வியை மூன்று படிகளாக வகுத்தார். உரிய வயதினருள் 15 வீதத்துக்குக் குறைவானோர் கற்பின் அது சிலருக்கான கல்வி. 15 முதல் 50 வீதம் வரையாயின் பலருக்கான கல்வி. 50 வீதத்தைக் கடப்பின் யாவருக்குமான கல்வி. முதற்படியில் அது சிறப்புரிமை. இரண்டாம் படியில் அது உரிமை. மூன்றாம் படியில் அது ஏறக்குறையக் கடமையாகி விடுகின்றது. பட்டம் பெறாதோர் வாழ்வில் இடர்ப்படும் நிலை அப்போது உருவாகும் என்றார் அவர்.

இரண்டாவது, மாணவர் இடையில் விலகுவது ஏன் என்னும் வினா. 1975இல் வின்சென்ற் ரின்ரோ என்பவர் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். திறமைக் குறைவு மட்டும் காரணமன்று. வகுப்பறையோடும் சக மாணவரோடும் பிணைப்பு ஏற்படாமையும் காரணமாகும் என்பது அவர் கொள்கை. விரிவுரை முடிந்ததும் பேருந்தேறி வீடு திரும்பி, மாலையில் பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவர் நம்மிடையே பலர். புள்ளி குறைந்ததும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர், அங்கே அவனுக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரேனும் உண்டா என்று வினவுதல் நன்று.

அக்கொள்கைக்கு மறுப்பும் எழுந்தது. சிறுபான்மை மாணவர் தம் பண்பாட்டை விட்டு நீங்கினாலன்றிப் பல்கலைக்கழகத்தோடு இணைய முடியாது என்பதுபோல அக்கொள்கை அமைந்துள்ளது என 1992இல் வில்லியம் ரியேர்னி குறைகூறினார். பின்வந்த ஆய்வாளர் பலர், குடும்பமும் சொந்தச் சமூகமும் மாணவருக்குப் பலமே என்று கண்டனர். தமிழ்ப் பள்ளி நடத்தும் நமக்கு இவ்விவாதம் புறக்கணிக்கத்தக்கதன்று.

மூன்றாவது, தலைமையின் இயல்பு. 1960இல் கலிபோர்னிய மாநிலம் உயர்கல்விப் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. உயர்நிலைப் பள்ளி முடித்தோருள் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகமும், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு அரச கல்லூரிகளும், ஏனையோருக்கு இருவருடக் கல்லூரிகளும் இடமளிக்கும் என்றும், இருவருடக் கல்லூரியிலிருந்து மேலே செல்ல வழி உண்டு என்றும் அது விதித்தது. இத்திட்டம் உருவாவதில் முதன்மையான பங்கு வகித்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர். பொருளியலாளரும் தொழிற்பிணக்குகளைத் தீர்த்து வைப்பதில் வல்லவருமான அவரையே 1967 சனவரியில் ஆளுநர் சபை பதவிநீக்கியது. 1964இல் எழுந்த மாணவர் கிளர்ச்சியில் அவர் கடுமை காட்டவில்லை என்பது அரசியலாளர் சாட்டிய குறை. மாணவரோ அவரை அதிகாரத்தின் உருவமாகவே கண்டனர். பல தரப்பினருக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டிய பதவி எத்தகையது என்பதை அவர் வரலாறு காட்டுகின்றது.

தலைமை தவறின் விளைவது

நிர்வாகம் என்பது காகித வேலை எனக் கருதுவோர் லோரன்சியன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். ஒன்ராறியோவின் சட்பரி நகரிலுள்ள இப்பல்கலைக்கழகம் 1960இல் நிறுவப்பட்டது. 2021 பெப்ரவரி முதலாம் நாள், கடனைத் தீர்க்க இயலாத வணிக நிறுவனங்களுக்கான சட்டத்தின் கீழ் அது நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. கனடாவின் அரச பல்கலைக்கழகம் ஒன்று அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டு ஏப்ரலில் 69 கற்கைநெறிகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 200 பணியாளர் வேலை இழந்தனர். பௌதிகவியலும் மருத்துவிச்சிப் பயிற்சியும் மூடப்பட்டவற்றுள் அடங்கும். பட்டத்தின் நடுவே நின்ற மாணவர் வேறு வழி தேட வேண்டியவராயினர். வழக்கமாக மூதவையில் நீண்ட காலம் ஆராயப்பட வேண்டிய முடிவுகள் நீதிமன்ற நடைமுறையின் அவசரத்தில் எடுக்கப்பட்டன.

2022இல் ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் நாயகம் இதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். போதிய ஆய்வின்றிக் கடன்பட்டுக் கட்டடங்களைப் பெருக்கியமையும், ஆளுநர் சபை போதிய கண்காணிப்பைச் செலுத்தாமையும் அதிற் சுட்டிக்காட்டப்பட்டன. வரவுசெலவை வாசிக்கவும், தக்க வேளையில் தக்க வினாவை எழுப்பவும் அறிந்தோர் சபையில் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டியதில்லை.

பட்டங்களும் அவற்றைக் கற்கும் முறையும்

இத்துறையில் மூன்று வகைப் பட்டங்கள் பெருவழக்காக உள்ளன. கல்வி முதுமாணிப் பட்டம் பெரும்பாலும் பாடநெறிகளைக் கொண்டே அமைவது; வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகவும் கற்கத்தக்கது. கல்விக் கலாநிதிப் பட்டம், பணியிலுள்ளோர் தம் நிறுவனத்தின் உண்மைச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்வதற்கு ஏற்றது. தத்துவக் கலாநிதிப் பட்டம், ஆய்வையும் பேராசிரியப் பணியையும் நாடுவோருக்குரியது.

பட்டம் பெற்றோர் அனுமதிப் பிரிவு, பதிவாளர் அலுவலகம், உதவிநிதிப் பிரிவு, மாணவர் நலன், வெளிநாட்டு மாணவர் சேவை, நிதி திரட்டல் முதலிய இடங்களிற் பணியாற்றுவர். ஆயின் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. பல்கலைக்கழகத் தலைவரும் பீடாதிபதிகளும் பெரும்பாலும் தத்தம் துறையில் ஆய்வால் உயர்ந்த பேராசிரியர்களே. இப்பட்டம் மட்டும் ஒருவரை அப்பதவிக்கு உயர்த்தி விடாது.

ஆதலால் இளமாணிப் பட்டம் பெற்ற உடனேயே இதில் சேர்வதைக் காட்டிலும், பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் ஓரிரு ஆண்டுகள் பணியாற்றிய பின் சேர்தல் நன்று. பாடங்கள் அப்போதுதான் பொருள் தரும். சேருமுன் மூன்று வினாக்களைக் கேட்டறிதல் வேண்டும். கற்கைநெறியில் களப்பயிற்சி உண்டா? பணியாற்றும் நிறுவனம் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்குமா? முன்னர் கற்றவர்கள் இன்று எப்பணிகளில் உள்ளனர்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடையாவிடின் பணத்தைச் செலவிட அவசரப்படலாகாது.

நமக்கு இதனால் ஆவதென்ன?

பல்கலைக்கழகத்தை உருவாக்குதல் தமிழருக்குப் புதிதன்று. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1979இல் அது தனிப்பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது முதல் துணைவேந்தரானவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். இருவரும் தமிழறிஞர்கள். இலக்கிய ஆய்வோடு நிறுவனத்தைக் கட்டும் பணியையும் அவர்கள் தோளில் ஏற்றனர்.

கனடாவில் நம் சமூகம் மற்றொரு வகையிற் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு கொண்டது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்கும் முயற்சி 2018இல் தொடங்கியது. 30 இலட்சம் டொலர் என்னும் இலக்கு 2021இல் நிறைவெய்தியது. சிறுவர் முதல் முதியோர் வரை பலரும் அதற்கு ஈந்தனர். இத்தகைய நிதி மூலதனமாக நிலைத்திருக்க, அதன் வருவாய் மட்டுமே ஆண்டுதோறும் செலவிடப்படும். ஆனால் பேராசிரியரைத் தெரிவு செய்வதும் பாடங்களை வகுப்பதும் பல்கலைக்கழகத்தின் உரிமை; கொடையாளரின் உரிமையன்று. கல்விச் சுதந்திரத்தின் பொருட்டு அவ்வாறு இருத்தலே முறையுமாகும்.

எனவே, கொடை அளித்ததோடு நம் கடமை முடிவதில்லை. தமிழ் வகுப்புகளில் மாணவர் சேருதல் வேண்டும். அனுமதியையும் உதவிநிதியையும் பாடத்திட்டத்தையும் ஆராயும் மேசைகளில் நம் நிலைமையை அறிந்தோரும் அமர்தல் வேண்டும். அவர்கள் தமிழருக்குச் சலுகை தேடுவோராய் அன்றி, எல்லா மாணவருக்கும் நீதி வழங்குவோராய் இருத்தல் வேண்டும். ஆங்கிலம் அறியாத பெற்றோரின் பிள்ளை உதவிநிதிப் படிவத்தின் முன் எவ்வாறு திகைத்து நிற்கும் என்பதை அறிந்த ஒருவர், அப்படிவத்தை எல்லோருக்கும் எளிதாக்குவார்.

முடிவுரை

நம் பிள்ளைகள் மருத்துவராகட்டும், பொறியியலாளராகட்டும், கணக்காளராகட்டும். அவை யாவும் சிறப்பே. அவர்களை உருவாக்கும் நிறுவனங்களைப் பேணிக் காப்பதும் அவற்றுக்கு இணையான பணியாகும். அதற்கான பயிற்சி பட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பள்ளி மாணவர் மன்றத்திற் பொருளாளராக இருத்தலும், தமிழ்ப் பள்ளியின் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை வாசித்து வினா எழுப்புதலும் அதன் முதற்படிகளே. இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் அத்தகைய இளைய குரல் ஒன்றேனும் ஒலிக்குமாயின் அது நற்றொடக்கமாகும்.

அருஞ்சொல் விளக்கம்

மூதவை – பாடங்கள், பட்டங்கள் பற்றி முடிவெடுக்கும் கல்வியாளர் சபை, செனற்.
ஆளுநர் சபை – நிதி, சொத்து முதலியவற்றுக்குப் பொறுப்பான சபை.
இளமாணி, முதுமாணி, கலாநிதி – பல்கலைக்கழகத்தின் முதலாம், இரண்டாம், மூன்றாம் நிலைப் பட்டங்கள்.
பீடாதிபதி – ஒரு பீடத்தின் தலைவர், டீன்.
தமிழ் இருக்கை – தமிழ்ப் பேராசிரியர் பதவி ஒன்றுக்கென நிலையான நிதியோடு அமைக்கப்படுவது.

பயிற்சி வினாக்கள்

1. ரொறன்ரோ பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் மாணவருக்கு எத்தனை இடங்கள் உள்ளன?
2. மார்ட்டின் ரோ வகுத்த மூன்று படிகளையும் விளக்குக.
3. லோரன்சியன் பல்கலைக்கழகத்தின் வீழ்ச்சிக்குக் கூறப்பட்ட காரணங்கள் யாவை?
4. தமிழ் இருக்கைக்குக் கொடை அளித்தோர் பேராசிரியரைத் தெரிவு செய்யாமை முறையானதா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.