கபடியில் நாம்தான் கொரியா

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய குரல்செய்தியை இரண்டு முறை கேட்டேன். இனி லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டின் உலகப் போட்டியைப் பார்க்கப்போவதில்லை என்கிறாய். கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2025 நவம்பரில் இறுதிப் போட்டி நடந்தது சீனாவின் செங்டுவில். ஆடிய இரண்டு அணிகளும் கொரியாவிலிருந்து வந்தவை. அரையிறுதிக்கு வந்த நான்கில் மூன்று கொரிய அணிகள். நீ உயிரைக் கொடுத்து ஆதரிக்கும் ஐரோப்பிய அணியான ஜி2 காலிறுதியோடு ஊர் திரும்பிவிட்டது. டி1 தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கோப்பையைத் தூக்கியது, அதன் நட்சத்திரம் ஃபேக்கருக்கு அது ஆறாவது. "அவங்க மனுஷங்களே இல்ல சித்தி, மெஷின். பிறக்கும்போதே அப்படி" என்று முடித்திருந்தாய்.

பார்ப்பதை நிறுத்துவதும் தொடர்வதும் உன் விருப்பம். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

முதலில் உன் கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன். 2013 முதல் இன்றுவரை உலகக் கோப்பையை வென்ற ஒவ்வொரு அணியிலும் குறைந்தது இரண்டு கொரியர்கள் இருந்திருக்கிறார்கள். சீன அணிகள் மூன்று முறை வென்றனவே என்பாய். 2018-இல் இன்விக்டஸ் கேமிங்கில் ரூக்கியும் தி ஷையும், 2019-இல் ஃபன்பிளஸ் ஃபீனிக்ஸில் டோயின்பியும் கிம்கூனும், 2021-இல் ஈ.டி.ஜி.யில் ஸ்கவுட்டும் வைப்பரும் ஆடினார்கள். ஆறு பேருமே கொரியர்கள். 2019-இல் உன் ஜி2 மாட்ரிட் அரையிறுதியில் எஸ்.கே.டி.யை (இன்றைய டி1) 3-1 என்று வீழ்த்தி, பாரிஸில் கோப்பைக்கு ஒரு படி தள்ளி நின்றதே, அன்று 3-0 என்று அதை நொறுக்கிய அணியில்கூட இரண்டு கொரியர்கள் இருந்தார்கள். மேற்கத்திய ரசிகர்கள் ஆண்டுதோறும் 'இடைவெளி குறைகிறது' என்று சொல்லிச் சொல்லி, அது இப்போது அவர்களே தங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் நகைச்சுவையாகிவிட்டது.

இதெல்லாம் பிறவியில் வந்ததா என்று பார்ப்போம். 1997-இன் கடைசியில் ஆசிய நிதி நெருக்கடி கொரியாவை அடித்துப்போட்டது. வேலை இழந்தவர்களில் பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு 'பிசி பாங்' என்ற கணினிக் கூடங்களைத் திறந்தார்கள். நம் ஊர் பிரவுசிங் சென்டரின் வசதியான அண்ணன் என்று வைத்துக்கொள். அதே சமயத்தில் அரசு நாடு முழுக்க அதிவேக இணையத்தை இழுத்தது. 1998-இல் ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது. விளையாட ஆள், இடம், கம்பி, விளையாட்டு எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவிட்டன. 2000-இல் கணினி விளையாட்டுக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை வந்தது. கெஸ்பா என்ற கணினி விளையாட்டுச் சங்கம் பிறந்ததும் அதே ஆண்டுதான். 2004-இல் பூசான் நகரத்து குவாங்கல்லி கடற்கரையில் ஒரு லீக் இறுதிப் போட்டிக்கு லட்சம் பேர் கூடியதாகச் சொல்வார்கள். எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொண்டாலும், இரண்டு பையன்கள் கணினி முன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கடற்கரை நிறைந்த நாடு அது. நாம் அன்று டயல்-அப் மோடம் கீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

செங்டுவில் ஆடிய அணிகளையே எடுத்துக்கொள். எஸ்.கே. டெலிகாம் 2004-இல் லிம் யோ-ஹ்வான் என்ற ஸ்டார்கிராஃப்ட் நட்சத்திரத்தை மையமாக வைத்துத் தொடங்கிய அணிதான் டி1. எதிரே நின்ற கேடி ரோல்ஸ்டர் இன்னொரு தொலைபேசி நிறுவனத்தின் அணி; அதன் வேரும் ஸ்டார்கிராஃப்ட் காலத்தில்தான். இருவரும் மோதினால் கொரிய ரசிகர்கள் அதை 'டெலிகாம் போர்' என்பார்கள். விளையாட்டு மாறியது, வீரர்கள் மாறினார்கள், சம்பளம் கொடுத்த கை இருபது ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. பதினாறு வயதுப் பையன் வந்தால் அவனை உட்காரவைக்க ஓர் இடம், சோறு, பயிற்சியாளர், தினமும் மோத தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் என்று எல்லாமே காத்திருந்தன. நாடு சிறியது. எல்லாரும் ஒரே சர்வரில், இணையத் தாமதத் தொல்லை இல்லாமல், இரவு பகலாக ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு வளர்கிறார்கள். உலகப் போட்டிக்கு முன் ஐரோப்பிய அணிகள் சியோலுக்கு ஓடிப்போய் வாரக்கணக்கில் பயிற்சி எடுப்பது அந்த சர்வருக்காகத்தான்.

இதற்கு விலையும் உண்டு. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு தோற்றது அம்பலமானது. சாம்பியனாக இருந்த மா ஜே-யூனும் அதில் மாட்டினார். விளையாட்டில் முதலிடத்தில் இருந்த அதே நாடு, 2011-இல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை ஆன்லைனில் விளையாடக் கூடாது என்று சட்டம் போட்டது. பத்தாண்டு கழித்து, 2022 தொடக்கத்தில்தான் அதை நீக்கினார்கள். (இந்தச் சட்டம் பற்றி உன் அம்மாவிடம் மூச்சு விடாதே. நம் நாட்டிலும் கொண்டுவர வேண்டும் என்று மனு எழுத உட்கார்ந்துவிடுவாள்.)

மெஷின் என்றாயே, டெஃப்ட் என்ற வீரரை நினைத்துப் பார். ஃபேக்கரும் அவரும் சியோலில் மாப்போ உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். டெஃப்ட் 2013-இல் ஆட வந்தவர். சீனாவுக்குப் போனார், திரும்பி வந்தார், அணி அணியாக மாறினார். 'கொரியா' ஆண்டுதோறும் ஜெயித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க அவர் கையில் உலகக் கோப்பை இல்லை. 2022-இல் அவருடைய டி.ஆர்.எக்ஸ். தகுதிச் சுற்றில் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோவில் டி1-ஐ 3-2 என்று வென்றது. கோப்பையை வைத்துக்கொண்டு அவர் அழுததை நீயும் பார்த்திருப்பாய். 2017-இல் பெய்ஜிங் பறவைக்கூடு அரங்கில் ஃபேக்கர் மேசையில் தலை கவிழ்ந்து அழுததும் உனக்குத் தெரியும். அன்று அவரைத் தோற்கடித்ததும் ஒரு கொரிய அணிதான். நாம் தூரத்திலிருந்து பார்ப்பதால் கொடி மட்டும் தெரிகிறது. கேடி ரோல்ஸ்டர் ரசிகனிடம் போய் "உங்க நாடு ஜெயிச்சிடுச்சே" என்று ஆறுதல் சொல்லிப் பார், அடிக்க வருவான்.

கொரிய ரசிகர்களுக்கும் கெட்ட வருடம் வந்தது. 2018-இல் உலகப் போட்டியை அவர்களே நடத்தினார்கள். ஃபேக்கரின் அணி தகுதியே பெறவில்லை. வந்த மூன்று அணிகளில் ஒன்று குழுச் சுற்றிலும் இரண்டு காலிறுதியிலும் விழுந்தன. இன்சியான் மைதானத்தில் இறுதிப் போட்டி சீன அணிக்கும் ஐரோப்பிய அணிக்கும் இடையே. கல்யாண மண்டபத்தைக் கட்டியவரே பந்தியில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்றது போல ஆயிற்று. அதே வாரக்கடைசியில் அமெரிக்காவின் அனாஹெய்மில் செர்ரல் என்ற ஃபின்லாந்துப் பையன் ஸ்டார்கிராஃப்ட் 2 உலக இறுதியில் ஸ்டேட்ஸை 4-2 என்று வென்றான். அந்தப் பட்டம் கொரியர் அல்லாத ஒருவர் கைக்குப் போனது அதுவே முதல் முறை. அதே அரங்க வளாகத்தில் அதே நாளில் ஓவர்வாட்ச் உலகக் கோப்பையைக் கொரியா தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செர்ரல் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் 2-ஐ நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யூடியூபில் விடாமல் பார்த்தவள். 2013-இல் அமெரிக்காவுக்கு ஒரு தொடர், ஐரோப்பாவுக்கு ஒரு தொடர், கொரியாவுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். ஆனால் யார் எங்கு வேண்டுமானாலும் ஆடலாம் என்று கதவைத் திறந்துவைத்தார்கள். என்ன ஆயிற்று? அந்த ஆண்டு அமெரிக்கத் தொடர் மூன்றையும், ஐரோப்பியத் தொடர் மூன்றையும் கொரியர்களே வென்றார்கள். உள்ளூர்ப் பையன்கள் பரிசுப் பணமும் இல்லாமல், மேடையும் இல்லாமல் விலகினார்கள். பார்க்கிறவர்களுக்கும் சலித்தது. தெரியாத மொழியில் பேசும் ஒருவர் இன்னொருவரை வெல்கிறார். நமக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. பிறகு விதியை இறுக்கினார்கள். குடியிருப்பு இருந்தால்தான் வெளித்தொடரில் ஆடலாம் என்றானது. 2016 முதல் கொரியாவுக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி.

அன்று இதைப் பற்றி ரசிகர்களிடையே நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. வேலி போட்டால் தரம் கெடும் என்றது ஒரு கட்சி. வேலி இல்லாவிட்டால் செடியே முளைக்காது என்றது இன்னொன்று. செர்ரல் வந்தபின் இரண்டாவது கட்சி வென்றதாக அறிவித்துக்கொண்டது. என் கணக்கு வேறு. 2016 அக்டோபரில் கொரியாவில் அணிகளுக்கான புரோலீக் மூடப்பட்டது, அணிகள் கலைந்தன, பயிற்சி வீடுகள் காலியாயின. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் வேரறுந்த மரம். இரண்டும் சேர்ந்துதான் அந்த 2018. செர்ரலின் திறமையை இது குறைக்காது, அவன் வென்றது கொரியாவின் முதல்தர ஆட்டக்காரர்களையே. ஆனால் கட்டமைப்பு சரிந்ததும் கொரியாவின் மேலாதிக்கமும் ஆட்டம் காணத் தொடங்கியது என்றால், 'பிறக்கும்போதே' என்ற உன் வாதம் அங்கேயே கீழே விழுகிறது.

கட்டமைப்பு இல்லாதவன் வெல்லவே முடியாதா என்று நீ அடுத்து கேட்பாய். லாகூரைப் பார். டெக்கன் என்ற சண்டை விளையாட்டில் கொரியர்கள் ஆண்ட காலம் உண்டு. 2019 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ என்ற போட்டியின் இறுதியில், கொரியாவின் பெரிய பெயரான 'நீ' (Knee) என்ற வீரரை வென்றவர் அர்ஸ்லான் ஆஷ் என்ற பாகிஸ்தானியர். லாகூரின் ஆர்கேடுகளில் காசு போட்டு ஆடி வளர்ந்தவர். ஊரில் தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் உலகம் நம்பவில்லை. அந்தக் கொரிய வீரர் நம்பினார், பாகிஸ்தானுக்கே போய் அவர்களோடு ஆடினார். நீ வெறுக்கும் 'மெஷின்'களின் குணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது கொஞ்சம் நம் பக்கம் திரும்பு. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி 1990-இல் நுழைந்தது. 2014 வரை ஏழு முறையும் தங்கம் இந்தியாவுக்கே. அந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் ஈரானியச் சிறுவன் ஒருவன், கொரியச் சிறுவன் ஒருவன், இறுதிப் போட்டி முடிந்து உன்னைப் போலவே தொலைக்காட்சியை அணைத்திருப்பான் என்று நம்மில் யாராவது யோசித்தோமா? எனக்கு அந்த எண்ணம் வந்ததே இல்லை. நாம் ஜெயிப்பது இயற்கை என்றே இருந்தோம்.

2018-இல் ஜகார்த்தாவில் குழுச் சுற்றிலேயே நம்மை 24-23 என்று வென்றது எந்த நாடு, சொல் பார்க்கலாம். தென் கொரியா! அரையிறுதியில் ஈரான் நம்மை வெளியேற்றித் தங்கத்தையும் எடுத்துக்கொண்டது. வெள்ளி கொரியாவுக்கு, நமக்கு வெண்கலம். பெண்கள் இறுதியிலும் ஈரானிடம் தோற்றோம். அந்த ஈரானியப் பெண்களுக்குப் பயிற்சி தந்தவர் ஷைலஜா ஜெயின், நம் நாசிக் நகரத்தவர். கொரிய வீரர் ஜாங் குன் லீ புரோ கபடி லீக்கின் முதல் பருவத்திலிருந்தே பெங்கால் வாரியர்ஸில் நம் ஆட்களோடு ஆடிப் பழகியவர். நாம் கதவைத் திறந்தோம், வந்தார்கள், கற்றார்கள், வென்றார்கள். கபடி கெட்டுப்போகவில்லை. முதன்முறையாக இந்தியா ஆடும் கபடியை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தோம். கொரியப் பயிற்சியாளர்கள் உலகமெங்கும் சென்று அணிகளை வளர்ப்பதையும், சீன அணிகளில் கொரியர்கள் ஆடுவதையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஆகவே உனக்கு நான் சொல்வது இரண்டே. ஜி2-வை விடாதே. தோற்கிற அணிக்காக ஐரோப்பாவில் அரங்கம் நிறைவதால்தான் அங்கே அடுத்த பதினாறு வயதுப் பையனுக்கு நாற்காலி கிடைக்கிறது. ஆள் பார்க்காத இடத்தில் எந்த நிறுவனமும் அணி வைத்திருக்காது. இன்னொன்று, வென்றவர்களை மனிதர்களாகப் பார்க்கப் பழகு. செங்டு இறுதியின் ஐந்தாவது ஆட்டத்தைக் கேடி ரோல்ஸ்டர் பக்கத்திலிருந்து திரும்பப் பார். முதன்முறையாக இறுதிக்கு வந்து, 3-2 வரை போய், வெறுங்கையோடு இறங்கிய ஐந்து பேரின் முகம் அதில் இருக்கிறது. அதோடு, கைபேசியில் நீ நாள் முழுக்க ஆடும் பி.ஜி.எம்.ஐ.யை நடத்துவதும் கிராஃப்டன் என்ற கொரிய நிறுவனம்தான். அவர்களோடு உன் உறவு அவ்வளவு சீக்கிரம் அறுந்துவிடாது.

2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நாகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. கபடியும் உண்டு, லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் உண்டு. லீவுக்கு இங்கே வந்துவிடு, இரண்டையும் சேர்ந்து பார்ப்போம். கபடியில் நீ கொரியாவை ஆதரிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன்.

அன்புடன்,
உன் சித்தி