பூனா ராணுவ மருத்துவக் கல்லூரி: நம் பிள்ளைகளுக்கும் ஒரு வழி



நீட் மதிப்பெண் வந்ததும் எம்.கே.பி. நகர் வீடுகளில் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரிக்குப் பணத்துக்கு எங்கே போவது? மூன்றாவது வழி ஒன்று இருப்பதை நாம் யோசிப்பதே இல்லை. அது, 1948-ல் பூனாவில் தொடங்கப்பட்ட ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. அங்கே எம்.பி.பி.எஸ். படிப்புக்குக் கட்டணம் கிடையாது. பெண்களுக்கும் இடங்கள் உண்டு.

அங்கே படித்தவர் எவ்வளவு உயரலாம் என்பதற்கு டாக்டர் ஆர்த்தி சரின் ஓர் உதாரணம். 1985 டிசம்பரில் ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். அதே கல்லூரியில் ரேடியாலஜியில் எம்.டி. முடித்தார். பிறகு மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையும் பயின்றார். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் பணியாற்றிய அவர், 2024 அக்டோபர் 1 அன்று முப்படை மருத்துவப் பணிகளின் தலைமை இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

ரேடியாலஜி டாக்டர் என்றால் ஸ்கேன் எடுப்பவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஸ்கேன் எடுப்பவர் டெக்னீஷியன். அந்தப் படத்தைப் பார்த்து நோய் இன்னதென்று சொல்பவரே டாக்டர். சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றி வரும். கிடைக்கும் அளவுகளைச் சேர்த்து, பிரெட்டைத் துண்டு போட்டது போல உள்ளுறுப்புகளை அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர் காட்டும்.

ஒரு பக்கம் கை கால் விழுந்து ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிகிறதா? வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அடைப்பு உள்ளவருக்கும் அதைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எது என்று காட்டுவது சி.டி. ஸ்கேன். எல்லையில் குண்டடி பட்ட சிப்பாய்க்கும், துறைமுகத்தில் தலையில் அடிபட்ட தொழிலாளிக்கும் இதே கண்தான் தேவை.

வழி இதுதான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து நீட் எழுத வேண்டும். மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் இணையதளத்தில் இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் அழைக்கப்படுவோருக்குத் தனித் தேர்வு, நேர்காணல், உடல் பரிசோதனை உண்டு. விண்ணப்பிப்பவர் திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். படித்து முடித்தவர் படையில் அதிகாரியாகப் பணியாற்றியே ஆக வேண்டும். இடையில் விலகினால் பெருந்தொகை கட்ட நேரும். ரேடியாலஜி எம்.டி. அதற்குப் பிறகு வரும் 3 ஆண்டுப் படிப்பு.

வீட்டை விட்டுத் தூரம், இடமாற்றம், சீருடை விதிகள் ஆகியவற்றை மறைக்காமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். பேசிய பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்தால் தவறில்லை. தெரியாமலேயே விட்டுவிடுவதுதான் இழப்பு. ஓர் உயிரைக் காப்பதன் நன்மையை மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்ஷா அல்லாஹ், நம் தெருவிலிருந்தும் ஒரு மகனோ மகளோ அந்தப் பணிக்குப் போகட்டும். விண்ணப்பத்தில் சந்தேகம் இருந்தால் அஸர் தொழுகைக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பூர்த்தி செய்வோம்.