மூன்றரை வட்டி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

சென்ற பருவத்தில் பெருக்குத் தொடர் பாடம் நடந்தபோது, "இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே வரப்போகிறது என்று நினைக்கிறீர்களா?" என்று எங்கள் பேராசிரியர் கேட்டார்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அது எங்கே வரும் என்பதற்கான விடை, அப்போதே என் அண்ணனின் கைப்பேசியில் மாதந்தோறும் வந்து கிடந்தது எனக்குத் தெரியாது.

எங்கள் அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலைக்குப் போகிறவர். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு ஒரு தொழிற்சாலையில் சேர்ந்ததால்தான் நான் கல்லூரிக்கு வர முடிந்தது. தொழிற்சாலை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் அண்ணன் ஒரு கடன் அட்டைக்குக் கையெழுத்துப் போட்டான். அந்த அட்டையில் எனக்குப் படிப்பதற்கென்று ஒரு கைப்பேசி வாங்கினான். தீபாவளிக்கு வீட்டார் அனைவருக்கும் துணி எடுத்தான். ஆக மொத்தம் 20,000 ரூபாய். அதற்குப் பிறகு அட்டையை அவன் தொடவே இல்லை. ஊதாரி என்று அவனை யாரும் சொல்ல முடியாது.

அந்த மாதப் பட்டியலில் இரண்டு தொகைகள் இருந்தன. ஒன்று, கட்ட வேண்டிய மொத்தத் தொகை, 20,000. மற்றொன்று, கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 1,000. அண்ணன் இரண்டாவதை மாதத் தவணை என்று எண்ணிக்கொண்டான். இருபது மாதம் கட்டினால் கடன் தீர்ந்துவிடும் என்பது அவன் கணக்கு. ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டினான். ஓராண்டு கழித்து, "இன்னும் எட்டாயிரம்தான் இருக்கும், பார்த்துச் சொல்லு பாப்பா" என்று கைப்பேசியை என்னிடம் கொடுத்தான். பட்டியலில் 17,500 ரூபாய்க்கு மேல் நின்றது.

வங்கி தவறாகப் போட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரவு உட்கார்ந்து நோட்டில் போட்டுப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை.

நண்பர்களும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அந்த அட்டைக்கு வட்டி மாதம் 3.5 விழுக்காடு. வட்டியின் மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி. இரண்டும் சேர்ந்தால் நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. குறைந்தபட்சத் தொகை கடனில் 5 விழுக்காடு. நூறு ரூபாய்க் கடனில் ஐந்தைக் கட்டினால் மீதி 95. அதன் மேல் ஒரு மாத வட்டியும் வரியும் ஏறினால் 98 ரூபாய் 92 காசு. ஐந்து ரூபாய் கொடுத்து, குறைந்தது ஒரு ரூபாய் எட்டுக் காசு! அடுத்த மாதமும் இதே பெருக்கு விகிதம்தான். பன்னிரண்டு மாதத்தில் அண்ணன் ஏறக்குறைய 11,300 ரூபாய் கட்டினான். கடன் இறங்கியது 2,400 சொச்சம். இப்படியே போனால் கடன் பாதியாவதற்கே ஐந்தாண்டுக்கு மேல் ஆகும். கடன் குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வருவதால் முடிவு தள்ளிக்கொண்டே போகும். அதே 20,000 ரூபாய்க்கு மாதம் 2,000 என்று நிலையாகக் கட்டியிருந்தால் பதின்மூன்று மாதத்தில், ஏறத்தாழ 25,000 ரூபாயோடு தீர்ந்திருக்கும். அதுவும் நட்டம்தான், ஆனால் முடிவுள்ள நட்டம்.

இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. விழுக்காடு, ஆண்டு வீதம் என்று நான் தொடங்கியபோது அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நூத்துக்கு மூணரை ரூபா வட்டிம்மா" என்றதும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "மூணரை வட்டியா? நம்ம ஊரு அடகுக் கடையிலேயே ரெண்டு வட்டிதானேடி! மூணு வட்டிக்கு வாங்குனவன் உருப்பட்டிருக்கானா?" என்றார். பள்ளிக்கூடமே போகாதவர் என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டார். ஊரில் யாரும் வட்டியின் வீதத்தைக் கேட்காமல் கடன் வாங்குவதில்லை. அட்டை பளபளப்பாக இருப்பதால் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அட்டையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மொத்தத் தொகையையும் உரிய நாளுக்குள் கட்டிவிடுகிறவருக்கு ஐம்பது நாள் வரைகூட வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. ஆனால் பாக்கி வைத்தால் அந்தச் சலுகை போய்விடுகிறது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையைப் போட்டு ரொக்கம் எடுத்தாலோ, சலுகை நாள் என்பதே இல்லை. தனிக் கட்டணமும் உண்டு. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. ஆகவே நம் கையைத்தான் நாம் நம்ப வேண்டும்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீரப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகும் என்ற எச்சரிக்கையைப் பட்டியலில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு விதிகளில் கூறியிருக்கிறது. அண்ணனின் பட்டியலிலும் அது இருந்தது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். வீட்டில் அதைப் படிக்கக்கூடிய ஒருத்தி இருந்தும் ஓராண்டு அதைத் திறந்து பார்க்கவில்லை. அந்த ஒருத்தி, அந்த அட்டையில் வாங்கிய கைப்பேசியை வைத்துக்கொண்டிருந்தவள். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மா தம் மகளிர் குழுவில் 18,000 ரூபாய் கடன் கேட்டார். அங்கே நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மாதம் 1,500 அசல், மீதிக்கு மட்டும் வட்டி. பன்னிரண்டு மாதத்துக்கு மொத்த வட்டியே 1,170 ரூபாய்தான். அன்றே அட்டைக் கடன் முழுவதையும் அடைத்தோம். அண்ணன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இப்போது வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அன்றன்று செலவானதை நான் எழுதுகிறேன். அம்மா வாயால் சொல்வார். முதல் மாதம் கூட்டிப் பார்த்தபோது, அண்ணன் வேலை முடிந்து வரும் வழியில் தேநீருக்கும் பலகாரத்துக்கும் மட்டும் 1,400 ரூபாய் கொடுத்திருந்தது தெரிந்தது. கைப்பேசியைக் காட்டியே பணம் செலுத்திவிடுவதால், கொடுத்த நினைவே அவனுக்கு இல்லை. அவனை நாங்கள் தேநீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத் தொடக்கத்தில் முந்நூறு ரூபாய் ரொக்கமாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான். சனிக்கிழமையும் அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறது.

இம்மாதம் குழுவுக்கு நான்காவது தவணை. தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்த 400 ரூபாயை நானும் அதில் சேர்த்திருக்கிறேன்.