ஆசிரியர் மாணாக்கராதல்

சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர்க்கு அயல்நாட்டு வாசம் எற்றுக்கு என வினவுவோர் பலர். கூட்டலும் கழித்தலும் எந்நாட்டிலும் ஒன்றேயன்றோ? இவ்வினாவிற்கு விடை காண, ஜப்பானியர் ஒருவரது வரலாற்றை ஆராய்தல் நலம்.

1872-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கம் நாடெங்கும் ஆரம்பப் பாடசாலைகளை நிறுவத் துணிந்தது. பாடசாலைகள் பலவாயின, பயிற்சி பெற்ற ஆசிரியரோ அரியராயினர். ஆதலின் ஆசிரியப் பயிற்சி முறையைக் கற்றுவருமாறு 1875-இல் மூவர் அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டனர். அவருள் ஒருவர் இஸாவா ஷூஜி என்பார். ஐச்சி ஆசிரியப் பயிற்சிப் பாடசாலைக்குத் தலைமை வகித்த அவர், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துப் பிரிட்ஜ்வாட்டர் பயிற்சிப் பாடசாலையில் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்தார்.

ஆங்கில ஒலிகள் அவர் நாவிற்குப் பொருந்தவில்லை. மேனாட்டு ஸ்வர வரிசையோ குரலுக்கு எட்டவில்லை. இவ்விடர்ப்பாட்டைக் கண்ட தலைமையாசிரியர் பாயிடன், இசைப் பாடத்தினின்று அவருக்கு விலக்கு அளிக்க முன்வந்தார். இஸாவா அதனை ஏற்க மனமின்றி, பாஸ்டன் நகரப் பாடசாலைகளில் இசை கற்பித்துவந்த லூதர் வைட்டிங் மேஸனை அடைந்து பயின்றார். உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லை நாடினார். ஒவ்வோர் ஒலிக்கும் நாவும் இதழும் நிற்கும் நிலையை வரிவடிவிற் காட்டும் முறையொன்றைப் பெல்லின் தந்தையார் வகுத்திருந்தார். அதனையும் இஸாவா கற்றுக்கொண்டார்.

இதன் பயன் யாதெனில், 1878-இல் தாயகம் மீண்ட அவர், அடுத்த ஆண்டே இசைக்கல்வி ஆராய்ச்சிக் குழுவின் தலைவரானார். 1880-இல் மேஸனும் ஜப்பானுக்கு அழைக்கப்பெற்றார். இருவர் முயற்சியாலும் ஆரம்பப் பாடசாலைப் பாடல் நூல் மூன்று பகுதிகளாய் வெளிவந்தது. அதில் ஸ்காட்லாந்து மெட்டிற்கு ஜப்பானியச் சொற்கள் அமைந்த பாட்டொன்று, பள்ளி நீங்கும் விழாக்களில் இன்றளவும் பாடப்பெறுகின்றது. தமக்கு அரிதாயிருந்ததையே சிறுவர்க்கு எளிதாக்கினார் இஸாவா. கற்பது கடினம் என்பதை உணர்ந்தவரே படிப்படியாய்க் கற்பிக்க வல்லவர்.

ஆயினும் அயல்நாடு சென்றதனாலேயே ஆசிரியரின் உள்ளம் விரிந்துவிடும் எனல் கூடாது. 1895-இல் தைவான் தீவு ஜப்பான் வசமாயிற்று. அங்குக் கல்வித்துறைத் தலைவராய்ச் சென்ற இஸாவா, தீவின் மக்களுக்கு ஜப்பானிய மொழியைக் கற்பிக்கும் பாடசாலையை நிறுவினார். 1896 ஜனவரி முதல் நாளன்று, அவர் தாயகம் சென்றிருந்த வேளையில், ஜப்பானிய ஆட்சியை எதிர்த்தெழுந்தோர் அப்பாடசாலையின் ஆசிரியர் அறுவரைக் கொன்றனர். அயல்மொழியின் முன் நாத்தடுமாறும் துன்பத்தைத் தாமே அறிந்தவர், தம் மொழியைப் பிறர்மீது சுமத்தும் ஆட்சிக்குக் கருவியாயினார். முறையை அவர் மறந்தாரில்லை. மாணாக்கராயிருந்த நிலையையோ மறந்தார் போலும்.

இக்காலத்துக் கல்லூரிகள் பல, பயிற்சி மாணாக்கரைச் சில வாரம் அயல்நாட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்புகின்றன. அங்ஙனம் செல்வோர் புதிய கருவிகளையும் பாடத்திட்டங்களையும் குறித்துவருதல் நன்றே. அதனினும் மேலாக, பேச்சு விளங்காது வாய்மூடி நின்ற நாழிகைகளை அவர்கள் நினைவிற் கொள்வாராக. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் கேட்டு மௌனமாய் அமர்ந்திருக்கும் சிறுவன் நம் வகுப்புக்களிலும் உளன். அவனை மந்தபுத்தியுடையான் என்று ஒதுக்காமல், அவன் மொழியிற் சில சொற்களையேனும் முதற்கண் கற்றுக்கொள்ளும் ஆசிரியருக்கே அப்பிரயாணம் பயன் தந்ததாகும்.